இடுப்பு மூட்டு ஏன் தேய்கிறது? நோர்வேயின் பதிவேடுகள் சொல்லும் கதை

கனடாவிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் நேரகாலம் பாராமல் இணைந்திருக்கும் நண்பர்களுக்கு ஒஸ்லோவிலிருந்து என் அன்பு. இந்த அரங்கில் வழக்கமாக ஒரு நாவலையோ ஒரு கவிஞரையோ முன்வைத்துப் பேசுவோம். இன்று நான் ஓர் எலும்பு மூட்டின் வரலாற்றைப் பேசப்போகிறேன். அதற்குக் காரணம் ஒரு மாமி.

போன மாரிகாலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அவர், சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியாமல் கதவடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயது 63. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவர். இடுப்பு மூட்டை மாற்றவேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்களாம். "ஏன் வந்தது மாமி?" என்று கேட்டேன். "வயசு போனால் வரும்தானே தம்பி" என்றார்.

அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை. அவரைவிடப் பத்து வயது மூத்த நோர்வேஜியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நூர்மார்க்கா காட்டுக்குள் பனிச்சறுக்கிப் போகிறார்கள். மறுபுறம், முப்பது வயதிலேயே மூட்டை மாற்றிக்கொண்டவர்களும் இதே நாட்டில் இருக்கிறார்கள். வயது மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை உலகத்திலேயே மிகப் பொறுமையாக விசாரித்த நாடுகளில் ஒன்று நோர்வே. அந்த விசாரணையின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் மூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்துபோல உருண்டிருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள ஒரு கிண்ணத்துக்குள் பொருந்தி உருளும். பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் வழுவழுப்பான குருத்தெலும்பு படர்ந்திருக்கும். ஒரு காலில் நிற்கும் கணத்தில் உடம்பின் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அந்தச் சிறிய பரப்பில் இறங்குகிறது. குருத்தெலும்பு தேய்ந்தால் அது மீண்டும் முளைப்பதில்லை. எலும்பும் எலும்பும் உரசத் தொடங்குகின்றன. வலி பெரும்பாலும் தொடையும் வயிறும் சேரும் கவட்டுப் பகுதியில் தெரியும். சிலருக்கு அது முழங்காலில் மட்டும் தெரிவதால், முழங்காலுக்கு எண்ணெய் பூசியே வருடங்களைக் கழித்துவிடுவார்கள்.

தேய்ந்த மூட்டுக்கு மாற்று தேடிய கதையின் தொடக்கத்தில் ஒரு நோர்வேஜியப் புலம்பெயர்ந்தவர் இருக்கிறார். தென்கரையில் கிரிம்ஸ்தாட் என்ற சிறு துறைமுக நகரம். இப்சன் இளவயதில் மருந்துக்கடையில் தொழில் பழகியபடி தன் முதல் நாடகத்தை எழுதியது அங்கேதான். அதே ஊரில் 1886ல் பிறந்தவர் மாரியுஸ் ஸ்மித் பீட்டர்சன். பதினாறு வயதில், 1903ல், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் நோர்வே ஏழை நாடு. இன்று நாங்கள் இங்கே வந்ததுபோல அன்று அவர்கள் அங்கே போனார்கள். பின்னாளில் அவர் பொஸ்டன் நகரில் புகழ்பெற்ற எலும்பு வைத்தியரானார்.

1923ல் ஒரு நோயாளியின் முதுகிலிருந்து நெடுநாள் கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றை அவர் அகற்றினார். அதைச் சுற்றி உடம்பு ஒரு வழுவழுப்பான சவ்வைப் படரவிட்டிருந்தது. இதே வித்தையை மூட்டுக்குள் செய்விக்கலாமே என்று நினைத்து, தொடை எலும்பின் பந்துக்குக் கண்ணாடியில் ஒரு தொப்பி செய்து போட்டார். கண்ணாடி உடைந்தது. வேறு பொருட்களையும் முயன்றார். 1938ல், பல்வைத்தியர்கள் பாவித்த வைற்றாலியம் என்ற உலோகக் கலவையில் தொப்பி செய்தபோதுதான் வழி திறந்தது.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் இருந்த ஜோன் சார்ன்லி. பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றினார். கிண்ணத்துக்கு முதலில் டெஃப்லோன் பாவித்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, துகள்கள் திசுக்களைப் புண்ணாக்கின. தான் பொருத்திய நூற்றுக்கணக்கான கிண்ணங்களால் வந்த துன்பத்தை அவர் பார்க்கவேண்டியிருந்தது. லங்காஷயர் நெசவாலைகளின் தறிகளுக்குப் பற்சக்கரம் செய்யும் ஒருவகைப் பொலித்தீனை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். சார்ன்லி அதில் ஆர்வம் காட்டவில்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன்தான் விடாமல் அதைப் பரிசோதித்தார். டெஃப்லோனையும் புதிய பொருளையும் சார்ன்லி தன் சொந்தத் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். 1962 நவம்பரில் புதிய கிண்ணத்தை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். இன்று உலகமெங்கும் செய்யப்படும் சத்திரசிகிச்சையின் அடிப்படை அதுதான்.

இனி நோர்வேக்குத் திரும்புவோம். 1970களில் இங்கே கிறிஸ்தியான்சன் என்ற நோர்வேஜியர் வடிவமைத்த செயற்கை மூட்டு பரவலாகப் பொருத்தப்பட்டது. அது சார்ன்லியின் மூட்டைவிட மிக மோசமாகத் தோற்றுப்போனது. ஆனால், அது தோற்கிறது என்று நாடு அறிந்துகொள்வதற்குள் ஏராளமானோர் உடம்பில் அது ஏறிவிட்டது. ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் நோயாளிகளை மட்டுமே பார்த்தது. மொத்தப் படத்தைப் பார்க்க ஒருவரும் இல்லை. அந்தக் கசப்பிலிருந்து 1987 செப்டம்பரில் ஒரு தேசியப் பதிவேடு பிறந்தது. பேர்கன் நகரின் ஹௌகெலாண்ட் வைத்தியசாலையில் லைஃப் ஹாவலின், லார்ஸ் எங்கசேத்தர் ஆகியோரின் முயற்சியில் அது நடந்தது. சுவீடன் இத்தகைய இடுப்பு மூட்டுப் பதிவேட்டை 1979லேயே தொடங்கியிருந்தது.

பதிவேடு விரைவிலேயே தன் பெறுமதியைக் காட்டியது. 1990களின் தொடக்கத்தில் போன்லொக் என்ற புதிய எலும்புச் சீமெந்து சந்தைக்கு வந்தது. அதைப் பாவித்துப் பொருத்திய மூட்டுகள் சீக்கிரமே கழல்கின்றன என்பதைப் பதிவேடு சில ஆண்டுகளுக்குள் காட்டிக்கொடுத்தது. 1995ல் அந்தச் சீமெந்து சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

எந்த மூட்டு நல்லது என்று அறியத் தொடங்கிய பதிவேடுதான் அது. ஆனால் சத்திரசிகிச்சையின் காரணத்தையும் அதில் எழுதினார்கள். 1964 முதல் நோர்வேயில் ஒவ்வொருவருக்கும் பதினொரு இலக்கங்கள் கொண்ட ஆளெண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரின் இன்றைய இடுப்பிலிருந்து அவருடைய நேற்றைய வாழ்க்கைக்குப் பின்னோக்கி நடக்கலாம். அப்படி நடந்தவர்கள் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது தொட்டில். சில குழந்தைகள் கிண்ணம் ஆழமில்லாமல் பிறக்கின்றன. பந்து அதற்குள் சரியாக உட்காராது. பெண் குழந்தைகளிலும், தாயின் வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் இருந்த குழந்தைகளிலும் இது அதிகம். வட நோர்வேயின் சாமி மக்களிடையே இது வழமைக்கு மாறாக அதிகம் என்பதை நோர்வேஜிய வைத்தியர்கள் நெடுநாளாகக் கண்டிருந்தார்கள். பேர்ன்ஹார்ட் கெட்ஸ் 1955ல் சாமி மக்களின் இடுப்பு மூட்டைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார். பரம்பரையும் காரணமாகப் பேசப்பட்டது, கொம்சே என்ற அவர்களின் தொட்டிலும் பேசப்பட்டது. கலைமான்களோடு இடம்பெயரும் வாழ்வில், மரத்தைக் குடைந்து தோல் போர்த்திய அந்தத் தொட்டிலுக்குள் குழந்தையைக் கால்கள் நீட்டியபடி இறுக்கிக் கட்டுவார்கள். குளிரிலிருந்து உயிரைக் காத்த அதே கட்டு மூட்டைக் கிண்ணத்திலிருந்து தள்ளவும் கூடும். ஜப்பானிலும் குழந்தைகளின் கால்களை நீட்டிக் கட்டும் வழக்கம் இருந்தது. 1970களில் அதைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு இடுப்பு விலகல் வெகுவாகக் குறைந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஏணையை நினைத்துப் பாருங்கள். குழந்தை அதற்குள் காலை மடக்கிச் சுருண்டு கிடக்கும். சற்று வளர்ந்ததும் அம்மாவின் இடுப்பில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருக்கும். கால் அகன்றிருக்கும் அந்த நிலையில்தான் பந்து கிண்ணத்துக்குள் நன்றாகப் பதியும் என்று இன்று குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். எங்கள் பாட்டிமார் அதை அறிந்து செய்யவில்லை. அறியாமலே சரியாகச் செய்தார்கள்.

நோர்வேயில் பிறந்தவுடனேயே குழந்தையின் இடுப்பைப் பரிசோதிக்கிறார்கள். இருபத்திரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை மூட்டுப் பதிவேட்டோடு இணைத்து 2008ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆழமற்ற கிண்ணத்தால் இளவயதில் மூட்டை மாற்றவேண்டி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோரின் இடுப்பு, பிறந்தபோது உறுதியாக இருப்பதாகவே பதியப்பட்டிருந்தது. அதாவது, தொட்டிலில் தொடங்கும் கதை தொட்டிலில் எப்போதும் தெரிவதில்லை.

இரண்டாவது காசநோய். ஒரு நூற்றாண்டுக்கு முன் நோர்வேயின் பிள்ளைகளுக்கு அது இடுப்பு மூட்டுக்குள்ளும் இறங்கியது. கடற்காற்றும் வெயிலும் மருந்தாக இருந்த காலம் அது. பேர்கனுக்குத் தெற்கே ஹாகவிக் என்ற கடலோர ஊரில் 1893ல் அத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். அதே வைத்தியசாலை இன்று முதியவர்களுக்குச் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தும் இடமாக இருக்கிறது. நோய் போனது, மூட்டு மட்டும் அங்கேயே நிற்கிறது.

காசநோய் இன்னொரு வழியாகவும் இந்தக் கதைக்குள் வந்தது. நெஞ்சைப் படம்பிடிக்கும் ஊர்திகள் நோர்வேயின் ஊர் ஊராகப் போயின. எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். 1963க்கும் 1975க்கும் இடையில் வந்தவர்களின் உயரத்தையும் எடையையும் சேர்த்தே எழுதினார்கள். அது இடுப்புக்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, ஒஸ்லோவைச் சேர்ந்த குன்னார் ஃப்ளுக்ஸ்ரூட்டும் அவருடைய தோழர்களும் அந்தப் பழைய எண்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். பன்னிரண்டு இலட்சம் பேரின் எடையை மூட்டுப் பதிவேட்டோடு இணைத்தார்கள். 2006ல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. எடை கூடியவர்களுக்குப் பிற்காலத்தில் மூட்டு மாற்றும் வாய்ப்பு கூடியது. இளவயதிலேயே எடை கூடியிருந்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு இன்னும் கூடுதல். அறுபதில் வரும் வலிக்கு இருபதில் வித்து விழுந்திருக்கலாம்.

மூன்றாவது உழைப்பு. என் மாமியின் கதைக்கு மிக அருகில் வருவது இதுதான். 1977 தொடங்கி 1983 வரை நோர்வேயின் மூன்று மாவட்டங்களில் இருதய நோய்க்கான பரிசோதனை நடந்தது. அதில், வேலையில் உட்கார்ந்திருப்பீர்களா, நடப்பீர்களா, பாரம் தூக்குவீர்களா என்றும் கேட்டிருந்தார்கள். 50,034 பேரின் பதில்களை அதே ஃப்ளுக்ஸ்ரூட் குழு மூட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டு 2002ல் வெளியிட்டது. கடும் உடலுழைப்புச் செய்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆபத்து. ஆணுக்கும் அப்படித்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். ஓய்வு நேரத்தில் ஓடியாடுவதற்கும் மூட்டு மாற்றுக்கும் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. விருப்பத்துக்கு நடக்கிற நடை வேறு, பிழைப்புக்கு நிற்கிற நிலை வேறு என்று மூட்டுக்கும் தெரிந்திருக்கிறது போலும்.

அந்த மூன்று மாவட்டங்களில் ஒன்று ஃபின்மார்க். நோர்வேயின் வடமுனை. அந்தப் பெயரைக் கேட்டால் நோர்வேத் தமிழர் பலருக்கு மீன் மணக்கும்.

எங்கள் வரலாறு இங்கே குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரத்தோடு தொடங்குகிறது. 1956ல் அவர் நோர்வேக்கு வந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்றார். நோர்வேஜிய நண்பர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் எழுந்தது. அவர் வழியாகத் திறந்த கதவால் மாணவர்கள் வந்தார்கள்; 1983க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். 1980களில் வேலை இருந்த இடம் வடக்கு. வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹொன்னிங்ஸ்வோக் போன்ற கரைகளில் தமிழ் இளைஞர்களும் பின்னர் அவர்களைக் கைப்பிடித்து வந்த பெண்களும் மீன் வெட்டும் மேசைகளில் நின்றார்கள். ஈரச் சீமெந்துத் தரை, நீண்ட பூட்ஸ், எட்டு மணி நேர நிலை, பெட்டி தூக்கல், மேலதிக நேரம். ஊருக்குக் காசு போகவேண்டும், தம்பியைக் கூப்பிடவேண்டும், சீட்டு கட்டவேண்டும்.

அந்த 50,034 பேரிடம் கேள்வி கேட்டு முடித்த ஆண்டுகளில்தான் எங்கள் ஆட்கள் அங்கே போய்ச் சேரத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே அந்தக் கணக்கில் நாங்கள் பெரும்பாலும் இல்லை. அந்த வேலையின் கணக்கில் மட்டும் இருந்தோம்.

இன்னும் இரண்டு விடயங்களை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். நோர்வேயில் மூட்டு மாற்றுவோரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு எழுதப்படும் காரணம் பொதுவான மூட்டுத்தேய்வு. மூவரில் இருவர் பெண்கள். ஆனால் தென்னாசியரிடம் இடுப்பைவிட முழங்காலே அதிகம் தேய்கிறது. இந்தியாவில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்வோரில் இளவயதினர் நிறையப் பேர். தொடை எலும்பின் பந்துக்கு இரத்தம் போவது நின்று அது செத்துப்போவது அங்கே ஒரு முக்கியக் காரணம். நீண்டகாலம் உட்கொண்ட ஸ்டீரொய்டு மருந்துகள், மிதமிஞ்சிய குடி, சரியாகப் பொருத்தப்படாத முறிவு ஆகியவை அதற்கு வழிவகுக்கும். முதுகெலும்பை இறுக்கும் அழற்சி நோயும் இளைஞர்களின் இடுப்பைப் பூட்டிவிடுகிறது.

மற்றது முறிவு. ஒஸ்லோ நகரம் இடுப்பு முறிவில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களைப் பல தசாப்தங்களாகப் பதிவுசெய்த ஊர். உறைபனி வீதி ஒரு பங்கு; ஆனால் முறிவுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள்ளே விழுந்து வருபவை. மெலிந்த எலும்பே முதல் காரணம். விற்றமின் டி இங்கே முக்கியமாகிறது. இலங்கையர்களை இரண்டு நாட்டிலும் ஒப்பிட்டு 2008ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இலங்கையில் வாழ்வோரைவிட நோர்வேயில் வாழ்வோரின் இரத்தத்தில் விற்றமின் டி வெகுவாகக் குறைந்திருந்தது. வெயிலை விட்டு வந்தோம். அதை எலும்பு கவனித்திருக்கிறது.

இப்போது மாமியிடம் திரும்புகிறேன். அவருடைய மூட்டு மீன் தொழிற்சாலையால்தான் தேய்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பதாயிரம் பேரின் கணக்கு ஒரு கூட்டத்தின் ஆபத்தைச் சொல்லும். ஒரு தனி மனிதரின் காரணத்தை அறுதியிட்டுச் சொல்லாது. பிறவியிலேயே கிண்ணம் ஆழம் குறைந்திருக்கலாம், பரம்பரை இருக்கலாம், எடை இருக்கலாம். பெரும்பாலும் இவை ஒன்றோடொன்று சேர்ந்துதான் வரும். ஆனால் "வயசு போனால் வரும்தானே" என்ற ஒற்றை வசனத்துக்குள் இவ்வளவையும் போட்டுப் புதைப்பது சரியில்லை. அந்த வசனம் பணிவுபோலத் தோன்றும். உண்மையில் அது ஒரு வாழ்க்கையை அழித்துவிடுகிறது.

அதில் நடைமுறை இழப்பும் உண்டு. வயது என்று நினைப்பவர் வலியைச் சகித்துக்கொண்டிருப்பார். நடையைக் குறைப்பார். தசை மெலியும், எடை கூடும், வலி இன்னும் கூடும். கோயிலில் கீழே உட்காருவதை விடுவார், பிறகு கோயிலுக்குப் போவதையே விடுவார். ஆரம்பத்திலேயே போனால் முறையான உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் பலருக்குச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட உதவுகின்றன. அது தேவைப்பட்டால் அதற்கும் அஞ்சவேண்டியதில்லை. நோர்வேயில் ஆண்டுக்கு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைச் செய்துகொள்கிறார்கள். மிகப் பெரும்பாலானோருக்கு அந்த மூட்டு பதினைந்து இருபது ஆண்டுகளைத் தாண்டி உழைக்கிறது.

எழுதுகிறவர்களாகிய எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. காசநோய் ஊர்தியில் எடை எழுதிய அந்த ஊழியருக்குத் தான் இடுப்பின் வரலாற்றை எழுதுகிறேன் என்று தெரியாது. பொறுமையாக எழுதி வைத்தார், அவ்வளவுதான். புலம்பெயர் இலக்கியத்தில் போரை எழுதினோம், பிரிவை எழுதினோம், பனியை நிறையவே எழுதினோம். அந்த மேசைகளில் நின்றவர்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நின்றார்கள், எத்தனை பெட்டி தூக்கினார்கள், எந்த வயதில் எந்த மூட்டு முதலில் நொந்தது என்பதை எவ்வளவு எழுதினோம்?

அன்று மாமியிடம் வேலையைப் பற்றி விசாரித்தேன். தேநீர் ஆறிப்போனது. காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போனது, கர்ப்பமாக இருந்தும் ஏழாம் மாதம் வரை நின்றது, இருபது கிலோ பெட்டியை இடுப்பில் அண்டக்கொடுத்துத் தூக்கிய விதம் என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். இடது பக்கத்தில்தான் அண்டக்கொடுப்பாராம். இப்போது நோவது இடது பக்கம்.

"இதெல்லாம் வைத்தியரிட்டச் சொன்னீங்களோ மாமி?"

"அவர் கேக்கேல்லத் தம்பி. நீர்தான் முதல் கேக்கிறீர்."

உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாவோ ஐயாவோ படியேறும்போது கைபிடியைத் தேடிக்கொண்டிருக்கக்கூடும். இந்த நிகழ்வு முடிந்ததும் அவர்களிடம் போய் நோவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். என்ன வேலை செய்தீர்கள் என்றும் கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.